கொள்ளிடக் கரையும் ஒரு முள்ளும்

கொள்ளிடக் கரையில சீமைக்கருவேலம் வெட்டப் போன பெரியவர் ஒருத்தர், முள் குத்தி கால் வீங்கி எங்க ஓபிக்கு வந்தார். முள்ளை எடுத்து டிடி ஊசி போட்டுட்டு, "மரம்தானே கரையைப் பிடிச்சு நிக்குது, ஏங்கய்யா வெட்டுறீங்க?"ன்னு கேட்டேன்.

"வேர் செத்து மக்குனா உள்ள குழாய் மாதிரி ஆயிடும் சார். தண்ணி அது வழியா மண்ணை அரிச்சிடும். புதர் மண்டுனா கசிவும் கண்ணுக்குத் தெரியாது. புல்லு இருக்கலாம். மரத்தை வேரோட தோண்டி, களிமண் போட்டு இறுக்கணும்."

பாதி முள்ளை உள்ள விட்டுட்டுக் கட்டு போட்டா சீழ் வைக்கும்ல, அதே கதைதாங்க. அமெரிக்க ராணுவப் பொறியாளர்களும் வெள்ளக்கரை அடியிலிருந்து 15 அடிக்கு மரம் கூடாதுன்னுதான் விதி போட்டாங்க.

எங்க அம்மா வீடு அந்தக் கரைக்குக் கீழதான். 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மதகு உடைஞ்ச ராத்திரி அவங்க தூங்கவே இல்ல.

"ஆடிக்கு முன்னாடி முடிச்சிடுங்கய்யா, செருப்பு போட்டுக்கிட்டு"ன்னு சொல்லி அனுப்பினேன்.