ரத்தத்தில் இல்லை என்ற ரிப்போர்ட்

ஹெபடைட்டிஸ் பி-க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நோய் போய்விட்டதென்று நானே முடிவுகட்டினேன். டாக்டரைக் கேட்காமல் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தேன். அந்த மூலிகை இந்தக் கிருமியைப் போக்குவதாக 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைத் தேடிப் படிக்க நான் விரும்பவில்லை என்பதே உண்மை.

சில மாதங்களில் கண் மஞ்சளித்தது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டார். அதற்குள் இன்னொரு வட்டம். அதற்கும் உள்ளே சின்னதாய் ஒரு வளையம்.

"இது கல்லீரல் செல், இது அதோட உட்கரு. வைரஸ் தன் டி.என்.ஏவை வளையமாக்கி இங்கே வச்சிருக்கு. மாத்திரை புது வைரஸ் உருவாகாமத் தடுக்கும். இந்த வளையத்தைத் தொடாது."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது ரத்தத்தைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தது.

"என் உடம்பு இத்தனை வருஷம் சும்மாவா இருந்தது டாக்டர்?"

சும்மா இல்லையாம். உள்ளே ஒன்றுமில்லாத மேலுறைத் துகள்களை வைரஸ் ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும்; எதிர்ப்புப் புரதங்கள் அவற்றிலேயே செலவாகிவிடும். ஓயாமல் அதே எதிரியைப் பார்க்கும் டி செல்கள் சோர்ந்துபோகும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றினால் 100க்கு 90 பேருக்கு நிலைத்துவிடுகிறது. எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் வைரஸ் பெருக, டி செல்கள் விழித்துக்கொண்டு தொற்றிய கல்லீரல் செல்களைக் கொன்றிருக்கின்றன. மஞ்சள் காமாலை அதனால் வந்தது. கல்லீரலில் விழுந்த தழும்பு இன்றும் இருக்கிறது.

"கூடப் பிறந்தவங்க டெஸ்ட் எடுத்தாங்களா?" என்றார் டாக்டர். முதல் தடவையே எடுக்கச் சொல்லியிருந்தார். வெட்கத்தில் தம்பியிடம் நான் வாயே திறக்கவில்லை.

அன்று இரவு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "உனக்கு எப்பத்திலிருந்துண்ணே தெரியும்?" என்றான்.

அவனுக்கும் பாசிட்டிவ். அவன் மகளுக்கு இல்லை. பிறந்த அன்றே தடுப்பூசி போட்டிருந்தார்கள்.