மன்னிக்கும் மட்டை

நமக்கு வயது 46. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பது நம் உத்தியோகம். கோல்ப் ஆடுவது நம் வியாதி. முதலாவது சம்பளம் கொடுக்கிறது. இரண்டாவது அதைத் தின்கிறது.

"உபாத்தியாயருக்கு எதற்கு ஐயா கோல்ப்?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் இல்லாளும் அதையேதான் கேட்கிறாள். குற்றமெல்லாம் நம் அண்ணாவுடையது. பழனி மலைச் சரிவில் ஒரு காப்பித் தோட்டத்தில் மானேஜராக இருந்தவர் அவர். விடுமுறைக்குப் போனபோதெல்லாம், 1895-ல் ஸ்தாபிதமான கோடைக்கானல் கோல்ப் கிளப்புக்கு நம்மை இழுத்துக்கொண்டு போவார். அங்கே பனிமூட்டம் விலகக் காத்திருக்க வேண்டும்; அது விலகிய பிறகு, மைதானத்தில் மேயும் காட்டெருமை விலகக் காத்திருக்க வேண்டும். அண்ணா இரண்டுக்கும் பொறுமையாக நிற்பார். பந்தை அடித்தால் சத்தமே தனி.

நான்கு வருஷங்களுக்கு முன் அவர் காலமானார். பங்கு பாகம் எல்லாம் முடிந்தபின், நமக்கென்று மன்னி எடுத்து வைத்திருந்தது ஒரு தோல் பை. அதற்குள் எட்டு இரும்பு மட்டைகள். கத்தி போல் மெல்லிய முகம், வழவழப்பான முதுகு. ஆட்டக்காரர்கள் இவ்வகையை 'பிளேட்' என்பார்கள்.

அவற்றை வைத்துக்கொண்டுதான் நாம் நிஜமாகவே ஆட்டம் கற்றுக்கொண்டோம். முதல் வருஷம் ஓர் ஆட்டத்துக்கு 120 அடிக்குக் குறைந்ததில்லை. பிறகு 110 ஆயிற்று, பிறகு 102. அதற்குமேல் இறங்குவேனா என்றது. நம்மைக் கிளப்புக்கு விருந்தாளியாக அழைத்துச் செல்பவர், ஒரு காலத்தில் நம் வகுப்பில் பெஞ்சின்மேல் நின்ற பழைய மாணாக்கர். அவர் ஒரு நாள் மிகுந்த மரியாதையுடன், "ஸார், தப்பாக நினைக்கக் கூடாது. இந்த மட்டைகள் உங்களுக்கு ஆகாது. கொஞ்சம் மன்னிக்கிற மட்டையாக வாங்குங்கள்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அண்ணாவின் மட்டைக்கா குறை? மறுநாள் வகுப்பறைச் சாக்கட்டி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மட்டையின் முகத்தில் சாக்கைத் தேய்த்து விட்டு அடித்தால், பந்து எங்கே பட்டது என்று அடையாளம் விழும். இருபது பந்துகள் அடித்தோம். நடுவில் பட்டவை 4. நுனிப்பக்கம் பட்டவை 11. மீதி ஐந்தும் குதிப்பக்கம். மார்க்குப் போட்டுப் பழகிய கைக்கு இதில் சந்தேகமே எழவில்லை. இருபதுக்கு நான்கு என்றால் 'பெயில்'.

காரணமும் நாமே வருஷா வருஷம் போதிக்கிற விஷயந்தான். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட கழி பிடித்திருக்கிறானே, ஏன்? எடை நடுவிலிருந்து தள்ளி இரு ஓரங்களில் இருந்தால், அந்தப் பொருளைத் திருப்புவது கடினம். பிளேட் மட்டையில் இரும்பெல்லாம் நடுவை ஒட்டித் திரண்டிருக்கிறது. பந்து ஓரத்தில் பட்டதும் மட்டை கையில் திருகிக்கொள்கிறது. பந்து பாதி தூரத்தில் பக்கவாட்டில் விழுகிறது. குளிர்காலமானால் விரல் எலும்பு வரையில் ஓர் அதிர்ச்சி ஏறுகிறது. முதுகைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்குப் பகிர்ந்துவிட்டால் திருகல் குறையும். அடிப்பாகத்தை அகலமாக்கினால், மண்ணில் புதையாமல் வழுக்கிச் செல்லும். எடை கீழே இறங்கியிருப்பதால் பந்து சுலபமாக எழும்பும். மன்னிப்பு என்பது இவ்வளவுதான்.

இதைப் பிரபலமாக்கியவர் கார்ஸ்டன் ஸோல்ஹைம். 1911-ல் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த செம்மான் மகன். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் என்ஜினீயர். அவர் கோல்ப் தொட்டதே 42-வது வயதில்! பந்தைக் குழிக்குள் தள்ளத் தெரியாமல் திண்டாடினார். பிறர் தம்மைத் திருத்திக்கொள்ள முயல்வார்கள்; இவர் மட்டையைத் திருத்தினார். 1959-ல் வீட்டுக் கொட்டகையில் செய்த மட்டை பந்தில் பட்டதும் 'பிங்' என்றது. கம்பெனிக்கும் அதுவே பெயராயிற்று. 1982-ல் அவர் வெளியிட்ட 'ஐ 2' என்ற குடைந்த முதுகு மட்டைகளை உலகம் முழுவதும் வாங்கினார்கள். நாற்பதைக் கடந்து ஆட வந்தவர்கள் இந்த மனிதருக்கு ஒரு நமஸ்காரம் செய்யலாம்.

சென்னையில் ஒரு கடையில் மூன்று தினுசுகள் எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, அண்ணாவின் மட்டைக்குத் தம்பி. மற்றொன்று மண்வெட்டிக்கு அண்ணன். எதையும் மன்னித்துவிடும், ஆனால் எங்கே பட்டது என்று கைக்குத் தெரியாது. நம் தவற்றை நமக்கே மறைக்கிற மட்டை எதற்கு? நடுத்தரத்தை எடுத்தோம். அதன் 7-ம் நம்பர், அண்ணாவின் 7-ம் நம்பரைவிட நெடுந்தூரம் போயிற்று. பூரித்துப் போனோம். பிறகு விசாரித்தால், பழைய ஏழின் முகம் சுமார் 35 டிகிரி சாய்ந்திருக்கும். இதற்கு 30 டிகிரிதான். அதாவது பழைய ஆறாம் நம்பருக்கு ஏழு என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். தாராளமாக மார்க்குப் போடும் பரீட்சைகளைப் பற்றி இங்கே நாம் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஒருவர் உபயோகித்துவிட்ட செட்டாகப் பார்த்து வாங்கினோம். அப்படியும் ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது.

"உங்கள் அண்ணாவுடையதை என்ன செய்யப் போகிறீர்கள்? பரணிலா?" என்று இல்லாள் கேட்டாள். அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை. நாம் பதில் சொல்லாமல் பையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

புது மட்டைகளில் கடைசியானது 44 டிகிரி. அதற்கடுத்துப் பையில் இருந்தது 54. இடையில் ஒரு பெரிய பள்ளம். பரிசோதனைச் சாலையில் அண்ணாவின் கடைசி மட்டையை, குழிக்கருகே பந்தை ஏற்றிவிடும் வெட்ஜை, அளந்து பார்த்தோம். 48! ஒரு பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம் என்பது 1938-ல் அமெரிக்கர் செய்த விதி, இடத்துக்குக் குறைவில்லை. அதனுடன் எடுக்கும் அடியும் சின்ன அடி. மன்னிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது.

சென்ற மாதம் கோடைக்கானலில் நுனியில் பட்ட ஒரு பந்து ஓடையைத் தாண்டி விழுந்தது. பழைய மட்டையானால் ஓடைக்குள் போயிருக்கும். குழிக்கு இன்னும் எண்பது கெஜம். அண்ணாவின் வெட்ஜை உருவினோம். எதிரே ஒரு காட்டெருமை நின்றது. அது விலகும் வரையில் காத்திருந்தோம்.