பனியின் கீழ் ஓர் ஊர்

குளிர்காலத்தில் வட அமெரிக்கப் புல்வெளியைக் காண்பவர் அங்கு உயிரில்லையென எண்ணுதல் இயல்பே. வெண்பனி போர்த்த நிலமும் ஆங்காங்கே தலைநீட்டும் மண்மேடுகளுமே கண்ணிற் படும். எனினும், அம்மேடுகள் பிரேரிநாய்களின் வளைவாயில்கள். அவற்றின் ஊர் நிலத்தின் கீழே விரிந்துகிடக்கின்றது. நாயெனப் பெயர்பெற்றபோதிலும் இவ்விலங்கு அணிற் குடும்பத்தைச் சார்ந்தது. அபாயங் கண்டவிடத்து அது எழுப்பும் குரைப்பொலியே பெயர்க்குக் காரணமாயிற்று.

பிரேரிநாய்களுள் ஐந்து இனங்கள் உள. அவை யாவும் குளிரை ஒரே வகையில் எதிர்கொள்வதில்லை. வெண்வால் இனம் வளைக்குள் ஒடுங்கி மாதக்கணக்கில் உறங்கும். கருவால் இனமோ, காற்றடங்கி வெயில் எறிக்கும் நாட்களில் மேலே வந்து இரை தேடும். கடுங்குளிர் நாட்களில் வெளிவராது. ஆகவே, இன்று வெறுமையாய்த் தோன்றும் ஊர் நாளை நிறைந்திருத்தல் கூடும்.

இந்நிலை அவதானிப்போரின் பொறுமையைச் சோதிப்பதாகும். தென் டகோற்றாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலே, 1970களின் நடுப்பகுதி தொடக்கம் பல்லாண்டுகள் கருவால் இனத்தை ஆராய்ந்தவர் ஜோன் ஹூக்லன்ட். பெண் விலங்கு ஆண்டில் ஒரே நாளில், அதுவும் சில மணிநேரமே, ஆணுடன் கூட இசையும். அந்நாள் குளிர் நீங்காத பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவது. கூடலும் பெரும்பாலும் வளைக்குள்ளேயே நிகழும். எனவே, எந்த ஆண் எந்தப் பெண்ணுடன் கீழிறங்கியது, எப்பொழுது மீண்டது என்பவற்றைக் கொண்டே அதனை உய்த்துணரவேண்டும். இதன்பொருட்டு ஆய்வாளர், விலங்குகள் எழுமுன்னரே பரணேறி, அவை அடங்கும்வரை காத்திருந்தனர்.

இவ்விலங்கை உண்டு, அதன் வளையிலேயே வாழ்வது கீரியை ஒத்த கருங்கால் பெரெற். புல்லைத் தின்று மேய்ச்சல் நிலத்தைக் கெடுப்பனவென இருபதாம் நூற்றாண்டிலே பிரேரிநாய்களுக்குப் பெருமளவில் நஞ்சிட்டமையால், பெரெற்றும் அருகிற்று. அது முற்றாக அழிந்ததெனப் பலரும் கருதியிருக்கையில், 1981 இல், வயோமிங் மாநிலத்து மிட்டீட்சி ஊரருகே, பண்ணை நாயொன்று பெரெற் ஒன்றைக் கொன்று வீட்டுக்குக் கொணர்ந்தது. அடுத்துவந்த குளிர்காலங்களில் ஆய்வாளர், வெண்வால் இனம் உறங்கும் ஊர்களைப் பனியில் நடந்தே துருவினர். பிரேரிநாய்கள் மண்ணால் அடைத்த வளையைப் பெரெற் தோண்டும்போது, பனிமீது மண் நீண்டு படியும். அம்மண்ணும் காலடித் தடங்களுமே அதன் இருப்புக்குச் சான்றாயின.

1985 இல் நோய்கள் அக்கூட்டத்தைத் தாக்கின. 1987 அளவில் பிடித்துக் காக்கப்பட்டவை 18 மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்கள் 1991 தொடக்கம் மீண்டும் புல்வெளியில் விடப்பட்டன.

ஒருநாள் வந்து, அசைவெதனையும் காணாது, வெற்றுநிலமெனக் குறித்துச் செல்வோரின் சொல்லே இறுதியாயின், அவ்வினம் இன்று இராது. கண்ணுக்குப் புலப்படாமை வேறு, இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை அறியுமட்டும் பனியிற் காத்துநிற்றலும் அறிவியலின் கடனேயாம்.