புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

டென்னிஸில் ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வீஸ் போட 25 விநாடி கொடுக்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அந்த நேரத்தில் முந்தைய அடியை மறுபடி ஓட்டிக் காட்டுவார்கள். எப்போதாவது கேமரா ஆட்டக்காரரின் முகத்திலேயே நின்றுவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். மிர்ரா ஆண்ட்ரீவாவை நான் கவனித்துவருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு முப்பது வயது. அவசரமில்லாத கால்கள், எதிராளி எங்கே இல்லையோ அங்கே பேக்ஹேண்டை இறக்கும் நிதானம். பந்து நின்றதும் வயது பாதியாகிவிடும். தொடையில் தட்டிக்கொள்வாள், தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள், அழப்போகிறவள்போல் உதட்டைப் பிதுக்குவாள்.

சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரத்தில் பிறந்தவள். 2005 ஆஸ்திரேலிய ஓபனை மராட் சாஃபின் வென்றபோது அதைப் பார்த்த அம்மாவுக்கு டென்னிஸ் பித்துப் பிடித்தது. மூத்தவள் எரிகா அப்போது கைக்குழந்தை. மிர்ரா பிறக்கவே இல்லை. பிறகு குடும்பம் டென்னிஸைத் தேடி சோச்சிக்கும் மாஸ்கோவுக்கும் போய், கடைசியில் பிரான்சின் கான் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. சாஃபின் ஆட்டத்துக்கு எவ்வளவு பேர்போனவரோ, மட்டையை உடைப்பதற்கும் அவ்வளவு பேர்போனவர் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

2023 ஏப்ரல், மாட்ரிட் ஓபன். தரவரிசையில் 194-ஆம் இடத்துப் பெண்ணுக்குச் சிறப்பு அனுமதியில் ஓர் இடம் கிடைத்திருந்தது. வயது 15. அடுத்தடுத்து மூன்று பேரைச் சாய்த்தாள். மூன்றாவது வெற்றி பதினாறாவது பிறந்தநாள் அன்று. அதற்குப் பின் முன்னணி ஆட்டக்காரர் சபலென்கா அவளை எளிதாக வீட்டுக்கு அனுப்பினார். திரையின் ஓரத்தில் மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கொடி இருக்கும். அவள் பெயருக்குப் பக்கத்தில் வெற்றிடம். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அந்த வெற்றிடத்தை அவள் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவளைச் சரியாகப் பார்த்தது அந்த ஆண்டு விம்பிள்டனில். தகுதிச் சுற்றில் தொடங்கி நான்காம் சுற்றுவரை வந்துவிட்டாள். எதிரே மேடிசன் கீஸ். முதல் செட் 6-3. இரண்டாவதில் 4-1 முன்னிலை. கரை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் கை இறுகியது. இரண்டாவது செட் டை பிரேக்கரில் போயிற்று. மட்டையை வீசியதற்கு எச்சரிக்கை வந்தது. மூன்றாவது செட்டில் 2-5. ஒரு பந்தைத் துரத்திப்போய் புல்லில் விழுந்தாள். மட்டை கையைவிட்டுப் போயிற்று. மறுபடி வீசினாள் என்று நடுவர் ஒரு புள்ளியை எதிராளிக்குக் கொடுத்தார். கீஸுக்கு மேட்ச் பாயிண்ட். நான் வீசவில்லை, வழுக்கினேன் என்று நடுவரின் நாற்காலிக்கு அடியில் நின்று வாதாடினாள். அண்ணாந்து பார்த்துப் பேசும் அந்த முகம், தேர்வறையில் காப்பியடித்ததாகப் பிடிபட்டு, இல்லை டீச்சர் இல்லை என்று சொல்லும் பிள்ளையின் முகம். ஆட்டம் முடிந்ததும் கீஸுக்குக் கை கொடுத்தாள். நடுவருக்குக் கொடுக்காமல் போய்விட்டாள். அது தப்புதான். ஆனால் அந்த மட்டை வழுக்கியே போயிருக்கலாம் என்பது என் கட்சி.

2024 ஜனவரி, மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன். டயான் பாரியிடம் முதல் செட்டை 1-6 என்று இழந்து, கடைசி செட்டில் 1-5 பின்தங்கியிருந்தாள். அங்கிருந்து மீண்டு ஜெயித்தாள். தோற்கும்போது இந்தப் பெண் தன்னைத்தானே அதிகம் கடிந்துகொள்கிறாள், மனப்பக்குவம் போதாது என்ற பேச்சு எழுந்தது. அவள் மானசீகமாகக் கொண்டாடும் ஆண்டி மரே, அப்படிக் கடிந்துகொள்வதால்தான் ஜெயிக்கிறாளோ என்னவோ என்று பதில் எழுதினார். மரே சொல்வதே சரி. அவரும் களத்தில் தன்னைத் திட்டிக்கொண்டே மூன்று கிராண்ட்ஸ்லாம் வாங்கியவர்.

பிறகு எல்லாம் வேகம். 1994-இல் விம்பிள்டன் வென்ற கொஞ்சிட்டா மார்ட்டினெஸ் பயிற்சியாளராக வந்தார். 2024 பிரெஞ்சு ஓபனில் சபலென்காவை வீழ்த்தி அரையிறுதி. பாரிஸ் ஒலிம்பிக்கில் டயானா ஷ்னைடருடன் இரட்டையர் வெள்ளி. 2025 பிப்ரவரியில் துபாய், மார்ச்சில் இந்தியன் வெல்ஸ், இரண்டிலும் கோப்பை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் தனக்கும் நன்றி சொல்லிக்கொண்டாள். நம் ஊர் மேடையில் சொன்னால் தலைக்கனம் என்பார்கள். அத்தனை திட்டுகளையும் வாங்கியவளுக்கு ஒரு நன்றியும் சேரட்டுமே.

கோபம் போய்விட்டதா? அடுத்த பிரெஞ்சு ஓபனிலேயே, தரவரிசையில் 361-ஆம் இடத்து உள்ளூர்ப் பெண் லோயிஸ் புவாசோனிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது பந்தைப் பார்வையாளர் மாடத்துக்கு அடித்து எச்சரிக்கை வாங்கினாள்.

ஆனால் ஜூலை விம்பிள்டனில் பார்த்தது வேறு முகம். எம்மா நவாரோவுடன் நான்காம் சுற்று; ராஜ மாடத்தில் ரோஜர் ஃபெடரர். கடைசிப் புள்ளியையும் எடுத்துவிட்டு, அடுத்த புள்ளிக்குத் தயாராவதுபோல் திரும்பி நடந்தாள். அரங்கம் கைதட்டிய பிறகுதான் ஆட்டம் முடிந்ததே உறைத்தது. ஸ்கோரை எண்ண மறந்திருக்கிறாள்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காலிறுதியில் பெலிண்டா பென்சிச்சிடம் இரண்டு டை பிரேக்கரில் தோற்றாள். தொடர் முடிந்து வந்த தரவரிசையில் அவளுக்கு 5-ஆம் இடம். வயது 18.