காலுக்குக் கீழே

மான்மவுத் ஜங்ஷனில் யாருக்காவது டெக்சாஸில் வேலை கிடைத்தால் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் முதலில் தெரியும். வெட் கிரைண்டர், பனி தள்ளும் ஷவல், பிள்ளையின் சைக்கிள், பிரிக்காத சோனா மசூரி மூட்டை என்று ஒவ்வொன்றாகப் படம் வரும். ஊர் பெயரில்தான் ஜங்ஷன் இருக்கிறது, ஸ்டேஷன் கிடையாது. ஆம்ட்ராக்கும் நியூஜெர்சி டிரான்சிட்டும் நிற்காமல் ஓடுகின்றன. ரயிலேறுகிறவர்கள் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போகிறார்கள். குடியிருப்பவர்களிலும் பலர் ஒரு விசாவுக்கும் ஒரு லேஆஃபுக்கும் நடுவே இருப்பவர்கள்தான். அப்படி ஃப்ரிஸ்கோவுக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தின் பட்டியலில் கடைசிப் படமாக ஒரு கினிப்பன்றி இருந்தது. கூண்டு, தண்ணீர் பாட்டில், பாதிப் பை டிமோத்தி புல் எல்லாம் சேர்த்து இலவசம். நான் பார்ப்பதற்கு முன்பே என் மகள் பார்த்துவிட்டாள்.

பெயர் மோச்சி. அப்போது குடியாத்தத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மா, முதல் நாளே அதை மொச்சை ஆக்கிவிட்டாள்.

கூண்டின் அடிப்பக்கம் கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவுவது சுலபம் என்று சொல்லி விற்கிற வகை. கினிப்பன்றிக்கு முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று. உள்ளங்காலில் முடி கிடையாது, வெறும் மெல்லிய தோல்தான். ஒரு கிலோ உடம்பு ராப்பகலாகக் கம்பி மேல் நின்றால் அந்தத் தோல் என்ன ஆகும் என்பது மோச்சியின் இடது பின்காலைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. குதிகால் சிவந்து வீங்கி, நடுவில் கறுப்பாகக் காய்ந்த ஒரு பொருக்கு. பொருக்கின் ஓரத்தில் ஈரம்.

அது நொண்டவில்லை, கத்தவும் இல்லை. ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் விசிலடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். வேட்டையாடப்படுகிற இனம் அது. வலியைக் காட்டினால் கழுகு முதலில் தன்னைத்தான் தூக்கும் என்பது ஆண்டீஸ் மலையில் அதன் முன்னோர் படித்த பாடம். அதனால் இதன் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எடை போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சமையலறைத் தராசில் தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து மகள் எண்ணைக் குறித்துக்கொள்வாள். கிராம் குறைந்துகொண்டே போனால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

நாய் பூனை பார்க்கிற மருத்துவர்கள் கினிப்பன்றி என்றதும் கைவிரித்துவிடுவார்கள். கிளி, ஓணான், முயல் பார்க்கிற தனி ஆள் வேண்டும். அவர்களுக்கு இங்கே ‘எக்ஸாட்டிக்’ மருத்துவர் என்று பெயர். பெரு நாட்டுச் சமையலறைகளில் அடுப்போரமாக ஓடி வளர்ந்து குழம்புக்கும் போகிற பிராணிக்கு, நியூஜெர்சியில் அபூர்வ அந்தஸ்து கிடைத்திருக்கிறது. கட்டணமும் அந்த அந்தஸ்துக்குத் தகுந்தபடிதான். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

“இன்னாடி இது, எலிக்கு எக்ஸ்ரேவா?” என்றாள் அம்மா. “அதுவும் ஓசில வந்த எலிக்கு.”

எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் மருத்துவர். நல்லவேளை, போகவில்லை. நோய்க்குப் பம்பிள்ஃபுட் என்று பெயர். கோழிக்கும் வரும் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. கல் தரையில் அடைத்து வைத்த கோழிக்குக் காலில் ஆணி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடலாம் என்றாள். போட்டதை எல்லாம் நக்கிவிடும், இதற்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான் என்று விளக்கியபோது, வாந்தியே வராத ஜென்மமா என்று கொஞ்சம் மரியாதையோடு அதைப் பார்த்தாள்.

அம்மாவின் மருந்துப் பை தனிக் கதை. அமெரிக்காவில் டாக்டர் பார்ப்பது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று யாரோ சொல்லி அனுப்பியதால், ஊர் மருந்துக்கடையே அதில் இருந்தது. அதிலிருந்து ஒரு அமாக்ஸிசிலின் பட்டையை எடுத்து, “கால்வாசி உடைச்சுக் குடு, சீழெல்லாம் வத்திடும்” என்றாள். மருத்துவர் முதல் நாளே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தது இதைப் பற்றித்தான். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, சில நாட்களில் பிராணியே போய்விடும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் விஞ்ஞானி ஃப்ளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பென்சிலின் போட்டது. மறுநாள் காலையில் உயிரோடு இருந்தவை அந்த நான்கும்தான். அன்று கூண்டில் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றி இருந்திருந்தால் பென்சிலினை விஷம் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று மருந்தியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. அம்மாவின் பட்டை பைக்குத் திரும்பிப் போனது. மோச்சிக்கு வேறு ஆன்டிபயாட்டிக், வலிக்கு மெலாக்ஸிகாம், இரண்டும் திரவமாக, ஊசி கழற்றிய சிரிஞ்சில், கடைவாய் ஓரமாக.

மருந்தைப் பற்றி மருத்துவர் பேசியது கொஞ்சம்தான். தரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கம்பியை எடுங்கள், மரத்தூள் வேண்டாம், கெட்டியான துண்டை மடித்துப் போட்டு மேலே ஃப்ளீஸ் துணி விரியுங்கள், ஈரம் தங்கக் கூடாது, தினமும் மாற்றுங்கள் என்றார். காலுக்கு மேலே போடுகிற மருந்து பாதி வேலைதான், காலுக்குக் கீழே இருப்பதை மாற்றாவிட்டால் அதுவும் வீண் என்பது அவர் கணக்கு.

இதைக் கேட்டுத் தலையாட்டியது அம்மாதான். வெகுநாள் சர்க்கரைக்காரி. அவள் போடுவது வேலூரில் அளவு கொடுத்துச் செய்த எம்.சி.ஆர் செருப்பு. வெளியே ஒரு ஜோடி, வீட்டுக்குள்ளே ஒரு ஜோடி. எங்கள் கார்ப்பெட் மேலும் கழற்ற மாட்டாள். சர்க்கரை வந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செருப்புதான். அதன் பூர்வீகம் எது என்பது அவ்வளவாகத் தெரியாது. தொழுநோயாளிகளின் கால்களிலிருந்து வந்தது அது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஒரு மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். எலும்பு அறுவை மருத்துவராக 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்தார். சதை நல்ல சதைதான், போனது உணர்ச்சி. வலிக்காததால் புண்ணான காலில் ஊன்றி மறுபடி மறுபடி நடக்கிறார்கள், அதனால்தான் ஆறவில்லை என்று கண்டார். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இப்படிப்பட்ட கால்களுக்கு மாவுக்கட்டு போட்டு ஆற்றியிருந்தார். கட்டுக்குள் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் கால் முழுக்கப் பரவிவிடும். பிராண்டும் அந்த வழியில் போனார். ஆறிய காலுக்கு மறுபடி புண் வராமலிருக்க, பஞ்சுபோல் அமுங்கும் நுண்துளை ரப்பரில் செருப்பு. அந்த ரப்பர்தான் எம்.சி.ஆர். 1966-இல் அவர் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த அறிவும் கூடவே போயிற்று. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கு இன்று போடுகிற கட்டுக்கு வேலூரிலும் ஒரு வேர் இருக்கிறது.

பிராண்ட் எழுதியிருக்கிற ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சில நோயாளிகளுக்கு ராத்திரியில் விரலில் ஒரு துண்டு காணாமல் போகும். காரணம் புரியாமல் விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது: தூங்குகிறவனின் மரத்த விரலை எலி வந்து கடித்துத் தின்கிறது, அவனுக்கோ தெரியவில்லை. பிறகு வீடு திரும்புகிற நோயாளிகளுக்குக் கையோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். அம்மாவுக்குச் சொன்னேன். மடியில் துண்டு விரித்து மோச்சியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், “இது அந்த ஜாதி இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

ஆமாம், அதற்குள் காலைப் பிடிக்கிற வேலை அம்மாவிடம் போயிருந்தது. என் கைக்கு அது உதறும், மகள் கைக்குத் துள்ளும், அம்மா மடியில் அடங்கிக் கிடக்கும். ஆழமில்லாத தட்டில் குளோர்ஹெக்சிடின் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். அதில் காலை ஊற வைத்து, பொருக்கைப் பிய்க்காமல் ஒற்றி எடுத்து, விரல் இடுக்கு வரை துடைத்து, மருந்து தடவி, ஒட்டாத பட்டை வைத்து, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜைச் சுற்ற வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் வீங்கும். தளர்த்தினால் பத்து நிமிஷத்தில் பல்லால் உருவிப் பக்கத்தில் போட்டுவிடும். நடுவாந்தரமான அந்த இறுக்கம் அம்மாவின் விரலுக்குப் பூச்சரம் கட்டிய பழக்கத்தில் வந்தது. பேண்டேஜை உருவாமலிருக்க வாயருகே கொத்தமல்லி. மோச்சிக்கு டிமோத்தி புல்லுக்கு அடுத்தபடி கொத்தமல்லிதான். சாம்பாருக்கு என்று வாங்கும் கட்டில் எங்கள் பங்கு குறைந்துகொண்டே வந்தது.

அதோடு குடைமிளகாய். மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடம்புக்கும் விட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. நாயும் பூனையும் ஆடும் தயாரித்துக்கொள்கின்றன. 1907-இல் நார்வேயின் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் போட்டு வளர்த்து, மாலுமிகளுக்கு வருகிற ஸ்கர்வியை அதற்கும் வரவைத்தார்கள். விட்டமின் சி கண்டுபிடிப்பே அந்த வழியாகத்தான் வந்தது. புண் மூடுவதற்குக் கொலாஜன் வேண்டும், கொலாஜனுக்கு விட்டமின் சி வேண்டும். ஆக, இந்த வீட்டில் குடைமிளகாயை நம்பி இருக்கிற ஜீவன்கள் நாங்களும் அதுவும்தான்.

இவ்வளவும் செய்தாலும் கால் ஆறுவது கண்ணுக்குத் தெரியாது. கையில் புண் என்றால் கையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். காலுக்கு விடுமுறை கிடையாது. நாலு காலில் ஒன்றைத் தூக்கினால் பாரம் மற்ற மூன்றில் ஏறி, அங்கேயும் சிவக்க ஆரம்பிக்கும். வலது பின்காலில் அப்படித்தான் ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தது. ஒரு வாரம் சுருங்கிய பொருக்கு அடுத்த வாரம் பழையபடி விரியும். குழுவில் ஒருவர், பேசாமல் கருணைக்கொலை செய்துவிடலாமே, பத்து நிமிஷ வேலை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வலி தாங்க முடியாமல் இருந்தால் அது சரியான யோசனையும்கூட. ஆனால் விசிலடித்துக் கொத்தமல்லி கேட்கிற ஒன்றை, குணமாக நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதற்காகவா? அமெரிக்க வாழ்க்கை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வேகம் அந்த யோசனையில் கொஞ்சம் இருந்ததாகவே நினைக்கிறேன்.

ஃப்ளீஸ் துணி துவைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. அதில் ஒட்டிய புல்லை உதறாமல் மெஷினில் போட்டால் எங்கள் சட்டையெல்லாம் குத்தும். பொது லாண்ட்ரி அறையில் என்னைப் பார்த்தால் ஜனங்கள் வேறு மெஷினுக்குப் போனார்கள். அம்மாவுக்கும் ஒரு யோசனை வந்தது. “வேலூர்ல சொல்லி எம்.சி.ஆர் ஷீட்டா வரவழைச்சு அடியில போட்டுட்டா என்ன?” கடித்துத் தின்றுவிடும் என்றேன். “அப்போ செருப்பா தெச்சுடலாம்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்பு பொருக்கு தானாக உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, சுருக்கம் விழுந்த புதுத்தோல். குதிகால் கொஞ்சம் தடித்தே இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்றார் மருத்துவர். திரும்ப வராது என்று சொல்ல முடியாது, எடை ஏறக் கூடாது, தரை காய்ந்திருக்க வேண்டும், காலை அடிக்கடி திருப்பிப் பாருங்கள் என்றார். கம்பி வலை போட்ட கூண்டை இலவசம் என்று குழுவில் போட மகள் விடவில்லை. குப்பைக்குப் போயிற்று.

இப்போது சனிக்கிழமை ராத்திரி வீடியோ அழைப்பில் அம்மா முதலில் கேட்பது, “மொச்சை காலக் காட்டு.” மகள் தூக்கித் திருப்பிக் காட்டுவாள். போன வாரம், “இப்ப உங்க காலக் காட்டுங்க பாட்டி” என்றாள்.

“எனக்கின்னா, நான் கம்பி மேலயா நிக்கறேன்?”

“காட்டுங்க.”

போன் ஆடியது. மின்விசிறி தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, கட்டில் கால் தெரிந்தது, கடைசியாகப் பாதம் தெரிந்தது. குதிகாலில் ஒரு வெடிப்பு. ஓரம் சிவந்திருக்கிறது என்றாள் மகள். டாக்டரிடம் எப்போது காட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

“நாளைக்குப் போறேன் கண்ணு.”

“அங்க ஏற்கெனவே நாளைக்குத்தானே பாட்டி.”

“அதான்டி தொல்லை. இங்க ஞாயித்துக்கெழமை, எந்த டாக்டரும் இருக்க மாட்டான்” என்றாள் அம்மா.