தயிர்ச்சட்டியில் பிறக்கும் கடல் மீன்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் 8பி பஸ் நிலையத்திலிருந்து பிஜய்கட் பக்கம் நடந்தால் பத்து நிமிடத்தில் அந்த வீடு வந்துவிடும். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட காலனி அது. மற்ற வீடுகளில் சைக்கிளும் பழைய பேப்பரும் கிடக்கும் மாடிப்படி அடியில், இங்கே ஒரு கண்ணாடித் தொட்டி. நான் போனது ஏப்ரலில், சாயங்காலம் ஆறரை மணிக்கு.

“செருப்பைக் கழற்றிட்டு மெதுவா வாங்க. இன்னிக்கு எட்டாவது நாள்” என்றார் தாதா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரை தாதா (அண்ணன்) என்றும் அவர் மனைவியை பௌதி (அண்ணி) என்றும்தான் நான் கூப்பிடுவேன். ஏக்கர் கணக்கில் பண்ணை வைத்திருப்பவர்கள் இல்லை. ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று தொட்டிகள், ஐந்தாறு பிளாஸ்டிக் வாளிகள். இவ்வளவுதான் அவர்கள் பட்டறை.

தொட்டியின் மூலையில் ஒரு மண்சட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இந்த ஊரில் மிஷ்டி தோய், அதாவது இனிப்புத் தயிர், உறைய வைத்து விற்கிற சட்டி. மெருகு பூசாத வெறும் மண். நன்றாக ஊறவைத்துக் கழுவிப் போட்டிருந்தார்கள். அதன் உட்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு முட்டைகள், அரிசியை நிறுத்தி ஒட்டியதுபோல. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். இட்ட அன்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தவை இப்போது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண்கள்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆண் மீன் முன் துடுப்புகளால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை வாயால் எதையோ கொத்தி எடுத்தது. “செத்த முட்டை. அதை எடுக்கலைன்னா பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவிடும்” என்றார் பௌதி.

கோமாளி மீனில் குஞ்சாக இருக்கும்போது பெண்ணே கிடையாது. எல்லாம் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி ஆணாகும். பெண் செத்துப்போனால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். மாறியது திரும்ப ஆணாகாது. இது தெரிந்தால் ஜோடி சேர்ப்பது சுலபம்: அளவில் வித்தியாசமான இரண்டு இளம் மீன்களை ஒன்றாக விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவர்கள் ஒன்றரை வருஷம் காத்திருந்தார்கள். கடல் சாமந்தி எனப்படும் அனிமோன் இல்லாமல் முட்டையிடாது என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. ஒதுங்க ஒரு சட்டி, நாளுக்கு மூன்று நான்கு வேளை நல்ல தீனி, தினமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையும் விளக்கு. இவை மூன்றும் போதும்.

தண்ணீர் விஷயம் அப்படி இல்லை. ஹூக்ளியில் கடல் ஏற்றம் கொல்கத்தாவுக்கு வந்துபோனாலும் தண்ணீர் நன்னீர்தான். திகா கடற்கரைக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். நிலத்தடி நீரை இவர்கள் நம்பி எடுப்பதில்லை. வங்காளத்துக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பதைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து ஆய்வு செய்ததே பக்கத்திலிருக்கும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம்தான். அதனால் ஆர்.ஓ. நீரில் உப்புக் கலவை போட்டுக் கடலை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். லிட்டருக்கு சுமார் 35 கிராம். நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு நீரை ஊற்றக்கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கிறது. நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். முதல் வருஷம் இது தெரியாமல் இரண்டு மீன்களை இழந்தேன் என்று தாதா சொன்னபோது அவர் குரல் தணிந்தது.

நம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் இதே மீனை வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரிலேயே முட்டையிட வைத்து, குஞ்சுகளையும் வளர்த்து, 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பதில் தேர்ந்தவர்கள். நான் அதைச் சொன்னதும் தாதா நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். “கழிமுகத் தண்ணியா? உப்பு எவ்வளவு?” என்று மூன்று முறை கேட்டார்.

ஆனால் முட்டை வாங்குவது பாதி வேலைகூட இல்லை. குஞ்சுக்குச் சோறு போடுவதுதான் தொழில். அதை முழுக்கச் சுமப்பவர் பௌதி. பொரித்த குஞ்சு மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதன் வாய்க்குள் போகிற அளவுக்குச் சிறிய உணவு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். ரோட்டிஃபர் உயிரோடு இருக்கப் பச்சைப்பாசித் தண்ணீர் வேண்டும். ஆக, மீனை வளர்க்க ரோட்டிஃபரை வளர்க்க வேண்டும், ரோட்டிஃபரை வளர்க்கப் பாசியை வளர்க்க வேண்டும். முட்டை பொரிப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே இதெல்லாம் தயாராக இருக்க வேண்டும். மொட்டை மாடியில் வெயிலும் நிழலுமாக வாளிகளை வரிசையாக வைத்திருக்கிறார். காலையில் பால் காய்ச்சுவதற்கு முன் அந்த வாளிகளைத்தான் போய்ப் பார்க்கிறார். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு லென்ஸில் காட்டினார். தூசி துடிப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தன. “இது செத்தா நாளைக்கு அது சாகும்” என்றார். பட்டம், பதவி எதுவும் இல்லாத இந்த அம்மாளின் கைப்பக்குவத்தை நான் எந்த ஆய்வகத்துக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

ஏழு மணிக்குச் சட்டியைத் தண்ணீரோடு தூக்கிச் சிறிய தொட்டிக்கு மாற்றினார்கள். ஆண் மீன் விசிறிய இடத்தில் இப்போது ஏர் ஸ்டோன் குமிழி விட்டது. குமிழி முட்டையில் நேராக மோதாமல், தண்ணீர் மட்டும் அசையும்படி. விளக்கை அணைத்தோம். குஞ்சு கும்மிருட்டில்தான் பொரிக்கும். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அப்போதுதான் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியது. இந்த ஊர் சித்திரை, வைகாசி மாதங்களின் காலபைசாகிப் புயல். ஐந்து நிமிடத்தில் தெருவே கரண்ட் இல்லாமல் இருண்டது. ஏர் பம்ப் நின்றது. தாதா பதறவில்லை. பாட்டரி பம்ப்பை இருட்டிலேயே கை தடவி எடுத்து மாட்டினார். மறுபடி குமிழிச் சத்தம் கேட்டபோதுதான் மூவரும் பேசினோம்.

ஒன்பது மணிக்குச் சிறு டார்ச்சை ஒரு நொடி காட்டினார். வெளிச்சத்தை நோக்கி, கண்ணும் வாலும் மட்டுமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் நீந்தி வந்தன. பத்து, முப்பது, எண்ண முடியவில்லை. பௌதி கைகூப்பினார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். ஐந்தாம் நாளிலிருந்து ரோட்டிஃபரோடு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலின் குஞ்சையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். குஞ்சு மீனாக உருமாறும் எட்டாம், ஒன்பதாம் நாட்களில்தான் நிறையச் சாகும். இந்த முறையும் செத்தன. மிச்சம் நாற்பத்தியொன்று. மயிரிழை போல முதல் வெள்ளைக் கோடு தலைக்குப் பின்னால் விழுந்திருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஈடும் ஒன்றுகூடத் தேறவில்லையாம். முதலிரண்டைத் தாய் தகப்பனே தின்றுவிட்டன. மூன்றாவது, ரோட்டிஃபர் வாளி நாறிப்போனதால் போயிற்று.

அடுத்த ஞாயிறு பாக்பஜாரில் காலிஃப் தெருச் சந்தைக்குப் போனேன். கப்பியும் மோலியும் தங்கமீனும் பாலிதீன் பைகளில் தொங்கின. கடல் மீன் விற்கும் கடைக்கு ஒருவர் வழி காட்டினார். கோமாளி மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “வெளியிலிருந்து” என்பதற்கு மேல் பதில் இல்லை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பவளப்பாறை இடுக்குகளில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கிற கொடுமை பல காலமாக நடந்திருக்கிறது. மீனோடு பவளமும் சாகும். நாற்பத்தியொரு குஞ்சுக்காக இரண்டு மனிதர்கள் தூக்கம் கெட்டதைப் பார்த்த பிறகு, அந்தப் பதிலோடு என்னால் திரும்ப முடியவில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தை இந்த மீனைக் கேட்டு அடம்பிடித்தால் வாங்கிக்கொடுங்கள், தவறில்லை. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா? தொட்டியில் பிறந்ததுதான் வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.