நயா கிராமத்து வண்ணங்கள்

கரக்பூர்–ஹௌரா பாதையிலுள்ள பாலிசக் நிலையத்தில் இறங்கினால், பிங்க்ளா வட்டாரத்து நயா கிராமத்தை அடையலாம். ‘சித்ரகர்’ எனும் பெயர் தாங்கிய முஸ்லிம் குடும்பத்தார் அங்கே இராமகாதையையும் நீண்ட சுருள்களில் தீட்டி, பாடிக் காட்டுகின்றனர். சங்குப்பூ நீலமும், அவரையிலை பச்சையும், பசுமஞ்சள் பொன்னிறமும், விளக்குக்கரி கருமையும் தருகின்றன. வில்வப்பழப் பசை அவற்றைத் தாளில் நிலைநிறுத்துகிறது. தாளின் பின்புறத்தைப் பழஞ்சேலைத் துணி தாங்குகிறது.

படம் வரையும் பழக்கமுள்ள நான் இவற்றை இல்லத்திலும் சோதித்து வருகிறேன். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சைத் துளி விழுந்தால் நீலம் ஊதாவாகிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் நம் ஆரத்திச் சிவப்புப் பிறக்கிறது. வெயில் பட்டால் மஞ்சள் வெளிறும். ஆகவே படத்தை நிழலில் மாட்டுக. வண்ணப்பெட்டி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் இவ்வழியே தூரிகை பிடிக்கலாம். நம் ஊர் வேலியில் பூத்த சங்குப்பூ, பிழைக்க வந்த மண்ணிலும் அதே நீலத்தைத் தருகிறது.